பதினோரு மணிக்குள் ஒரு மோடம்

விவாகரத்து வழக்கில் ஆஜராக வேண்டிய நாளன்று, காலை எட்டே காலுக்கு, என் லேப்டாப்பின் மோடத்தை நானே கொன்றேன். வேண்டுமென்று செய்யவில்லை. இதை முழுசாக நம்பாதவர்கள் இன்றுவரை இரண்டு பேர். ஒருவர் என் மனைவியின் வக்கீல். இன்னொருவர் நான்.

மோடம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கே அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. லேப்டாப்பின் வயிற்றுக்குள் பாதி பிஸ்கட் அளவில் ஒரு சின்ன அட்டை. பக்கவாட்டில் சிம் கார்டைச் செருகினால் லேப்டாப்பே போன் மாதிரி டவரோடு பேசி நெட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த அட்டைக்குள் ஒரு குட்டி மூளை, மூளைக்குள் ஒரு பாடம். அந்தப் பாடத்துக்குப் பெயர்தான் ஃபர்ம்வேர். பாடம் அழிந்தால் அட்டை வெறும் அட்டை.

லேப்டாப் முதலில் என் மனைவியுடையது. கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள். வாங்கிய வாரமே விண்டோஸை வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸை ஏற்றினாள். போன வருடம் கோயம்புத்தூரில் வேறு கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கே புதிதாக ஒன்று தருகிறார்கள் என்று இதை விட்டுவிட்டுப் போனாள். வாஷிங் மெஷினையும் விட்டுவிட்டுப் போனாள். அதையும் எனக்கு ஓட்டத் தெரியாது.

மனு அவள் ஊர் கோர்ட்டில். இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று ஒரு தடவை நேரில் போய்க் கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசி வாக்குமூலத்துக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் வரலாம் என்று அனுமதி தந்திருந்தார்கள். முதல் தேதியில் நீதிபதி விடுப்பு. இரண்டாவது தேதியில் எனக்கு வயிற்றுப்போக்கு. அந்த வயிற்றுப்போக்கு வயிற்றில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாவது தேதிதான் இது. காலை பதினோரு மணி. இந்தத் தடவையும் நான் வராவிட்டால் மறுபடி எத்தனை மாதம் இழுக்கும் என்று சொல்ல முடியாது என்றார் என் வக்கீல். அவளோ முந்தின வாரம் போனில் ஒரே ஒரு வரி சொன்னாள். "இதையாவது ஒழுங்கா முடிச்சுக் குடுங்க. வேற எதுவும் கேக்கல."

போனில் வீடியோ பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் டச் போன் இரண்டு வாரம் முன்னால், சுரங்கத்தில் வேலையாக இருந்தபோது, சட்டைப் பையிலிருந்து நழுவி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டில் விழுந்தது. நான் "ஏய்" என்று கத்தி முடிப்பதற்குள் நிலக்கரியோடு நிலக்கரியாகப் போய்விட்டது. இந்நேரம் எரிந்து, கரண்டாகி, யார் வீட்டிலோ சட்னி அரைத்திருக்கும். கையில் இருந்தது பழைய பட்டன் போன். பேசலாம், டார்ச் அடிக்கலாம்.

ஆக, என் கல்யாணத்தை முடித்து வைக்க மிச்சமிருந்தது அந்த மோடம் ஒன்றுதான்.

எட்டு மணிக்குச் சோதனை போட்டுப் பார்த்தேன். நெட் வந்தது. நாலு நிமிடத்தில் அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி அறுந்தது.  அந்த நேரம் பார்த்து திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு: மோடத்துக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, போடலாமா? விவரம் தெரிந்தவன் இன்றைக்கு வேண்டாம் என்றிருப்பான். நான் ஆமாம் என்று அழுத்தினேன்.

அறுந்து அறுந்து ஒருவழியாக இறங்கியது. ஏற ஆரம்பித்தது. பத்து, இருபது, நாற்பது சதவீதம். அறுபத்தொன்றில் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நகரவில்லை.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். கம்மாபுரம் பக்கத்து ஆள் நான். சுரங்கத்துக்கு நிலம் போன கையோடு வந்த வேலையில், இருபத்திரண்டு வருடமாக அங்கே பெல்ட் பிரிவில் எலக்ட்ரீஷியன். எங்களுக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டிய பாடம் ஒன்றே ஒன்று: மெஷின் சிக்கினால் முதலில் சப்ளையை வெட்டு. அப்புறம் பூட்டு, சாவியைப் பையில் போடு, அதற்குப் பிறகு மூச்சு விடு. யோசனையெல்லாம் கடைசியில். இதனால்தான் என் பத்து விரலும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அந்த விரல்களில் ஒன்று தானாகப் போய் லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தி, திரை கருப்பாகும் வரை விடாமல் பிடித்துக்கொண்டது. சுரங்கத்தில் என்றால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள்.

மறுபடி போட்டபோது நெட்வொர்க் பட்டியலில் மொபைல் பிராட்பேண்ட் என்ற வரியே இல்லை. அப்படி ஒன்று இருந்ததற்கான அடையாளம்கூட இல்லை.

சிம்மைக் கழற்றி ஊதினேன். வேட்டியில் துடைத்துச் செருகினேன். நாலு தடவை ரீஸ்டார்ட் செய்தேன். நாலாவது தடவை செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்தேன்.

எதிர்க் குவார்ட்டர்ஸில் நல்ல போன் இருக்கிறது. ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? எங்கள் பிளாக்கில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. "அவங்களுக்கு கோயம்புத்தூர்ல வேல, லீவுக்கு வருவாங்க" என்றுதான் ஒரு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். டவுன்ஷிப்பில் காலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிய சேதி மாலை ஷிஃப்ட் பஸ்ஸில் பிள்ளை குட்டியோடு இறங்கும். பஜாரில் பிரவுசிங் சென்டருக்குப் போனால் நீதிபதியம்மா கேட்கும் கேள்விக்கு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் பதில் சொல்வார்கள்.

அப்போது ஒரு நினைப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை. இது என் குற்றமில்லை. மோடம் போய்விட்டது, நான் என்ன செய்ய? இன்னும் சில மாதம் புருஷனாக இருந்துவிட்டுப் போகிறேன். அந்த நினைப்போடு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் உள்ளே போகிறபோதே கை பட்டன் போனில் அவள் நம்பரை அடித்துக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் என் கைக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

"சொல்லுங்க."

"மோடம் போச்சு."

"எங்க போச்சு?"

"இருந்த எடத்துலயே போச்சு."

 "போன தடவ வயித்துப்போக்கு. இந்தத் தடவ மோடமாங்க?"

"அதுக்கும் வயித்துப்போக்குன்னு வெச்சிக்கயேன்." வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

"வெக்கறேன்."

"ஏ, இரு இரு. சத்தியமா சொல்றேன். அப்டேட் ஓடிக்கினு இருந்துச்சு. நடுவுல நின்னுகிச்சு. ஆஃப் பண்ணிட்டேன்."

"ஃபர்ம்வேர் ஏறிட்டு இருக்கறப்ப பவர ஆஃப் பண்ணீங்களா?"

"சிக்கிக்கினா சப்ளைய வெட்டணும் இல்ல?"

"அது பெல்ட்டுங்க! இது ஆபரேசன் நடக்கறப்ப லைட்ட அணைச்ச மாதிரி."

திட்டுகிற குரல்தான். ஆனால் வைத்துவிடுகிற குரல் இல்லை. அவளுக்கு என்னை நம்ப முடியாது, பழுதை நம்ப முடியும். உடைந்த கம்ப்யூட்டர் என்றால் சோற்றில் கையை வைத்தவள்கூட அதைச் சரிபார்க்க எழுந்து போய்விடுவாள்.

"சார்ஜர் போட்டிருக்கா? போடுங்க. டெர்மினலத் திறங்க. கருப்பு ஜன்னல். நான் சொல்ற எழுத்த மட்டும் அடிங்க. உங்க சொந்தச் சரக்கு எதுவும் வேண்டாம்."

எம், எம், சி, எல், ஐ, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பெரிய எல். அடித்தேன். மோடம் எதுவும் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அடுத்து எல், எஸ், யூ, எஸ், பி. ஆறு வரி வந்தது.

"ஒவ்வொண்ணாப் படிங்க."

படித்தேன். கேமரா, ப்ளூடூத், என்னென்னவோ. கடைசி வரியில் மோடம் கம்பெனியின் பெயர் இல்லை. உள்ளே இருக்கிற சிப்பின் பெயர் மட்டும் இருந்தது, பக்கத்தில் டவுன்லோட் என்ற சொல்.

"அதுதாங்க மோடம்." அவள் குரலில் சின்னதாக ஒரு துள்ளல். "சாகல. தான் யாருன்னு மறந்துட்டு உக்காந்துட்டு இருக்குது. மறுபடி பாடத்தக் குடுத்தா எந்திரிச்சுக்கும். இறங்கின ஃபைல் உள்ளயே கெடக்கும், தேடலாம்."

ஃபைல் கிடைத்தது. அதை ஏற்றுவதற்கு லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. நான் தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பாஸ்வேர்ட மாத்தலீங்களா?"

"மாத்தத் தெரியல."

"பாஸ்வேர்ட் மாத்தத் தெரியாதா?"

பழையதையே தட்டி முடித்தேன். அது எங்கள் இருவர் பெயரிலும் பாதிப் பாதி எடுத்து அவளே ஒட்டியது.

"சரி," என்றாள். "அப்புறமா மாத்திக்குங்க."

முதல் தடவை ஏற்றியபோது, சாதனம் வேறு வேலையில் இருக்கிறது என்று பிழை வந்தது. அவள் இரண்டு நிமிடம் யோசித்தாள். பின்னாலேயே ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும், மோடம் மேனேஜர் என்று பேர், அது விடாமல் போய்ப் போய் மோடத்தை நோண்டும், அதை நிறுத்தினால்தான் மோடம் நிம்மதியாகப் படிக்கும் என்றாள். அந்த மேனேஜர் யாரைப் போல என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நிறுத்துவதற்கான வரியை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. எதிர்க் குவார்ட்டர்ஸ்காரர். ஒர்க்‌ஷாப்பில் வேலை, மதுரைப் பக்கத்து ஆள்.

"மாப்ள, ஏணி இருக்கா? என்னய்யா, மூஞ்சி வெளுத்துப் போய் உக்காந்திருக்க? யாரு போன்ல?"

"வீட்ல."

"தங்கச்சியா? குடு இங்க." கேட்காமலே போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஏம்மா தங்கச்சி! என்னம்மா இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போயிட்ட? இவன் துவைக்கிற சட்டையப் பாத்தா காக்காகூட உக்கார மாட்டேங்குது. பொங்கலுக்காவது வர்றியா?"

என் இதயம் அறுபத்தொன்றில் நின்றது. பட்டன் போனில் எப்போதும் குரல் வெளியே வழியும். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாக்கறேங்கண்ணா. லீவு கெடைச்சா வர்றேன். அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்கா, இருக்கா. வந்துரும்மா." போனைக் கொடுத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"தேங்க்ஸ்," என்றேன்.

"எதுக்குங்க? பதினோரு மணி வரைக்கும் நான் இந்த வீட்டுப் பொண்ணுதானே." உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "எண்டர் அடிச்சீங்களா?"

அடித்தேன். ஏற ஆரம்பித்தது. மணி ஒன்பதே முக்கால்.

"இருபது நிமிசம் ஆகும். நின்ன மாதிரி தெரியும், ஆனா உள்ள எழுதிட்டுத்தான் இருக்கும். இந்தத் தடவையும் ஆஃப் பண்ணீங்கன்னா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. கைய எடுத்து மடியில வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். அவளும் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்டால் வைத்துவிடுவாளோ என்று நானும் கேட்கவில்லை. சரியாக அறுபத்தொன்றில் மறுபடியும் நின்றது.

பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். விக்கல் மாதிரி. அன்றைக்கு நாக்கின் நுனியில் மூன்று ஜோக் வரிசை கட்டி நின்றன. மூன்றுமே நல்ல ஜோக். இரண்டு வருடம் முன்னால் அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவுக்குப் பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளும் நான் நிறுத்தாமல் சிரிக்க வைத்தேன். ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி என்று முடிவு வந்தது. நான் பிளாக் முழுக்க லட்டு கொடுத்தேன். அவள் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நின்னுகிச்சு. பாத்துக்கினு இருக்கேன்."

"இருங்க. போகும்."

 பிறகு அவளாகவே ஆரம்பித்தாள், கம்ப்யூட்டருக்கு வழி சொன்ன அதே குரலில்.

"அந்தப் பத்து நாள்ல ஏழாவது நாளு நீங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்தீங்க. பீரோவுல இருந்த பொடவையெல்லாம் எடுத்துக் கட்டில்ல போட்டேன். எது யாருக்குன்னு பிரிச்சேன். தங்கச்சிக்கு, உங்க அக்காவுக்கு, வேலைக்கு வர்ற அம்மாவுக்கு. ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதிக் குத்தி வெச்சேன். நீங்க வந்து பாத்தீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?"

இருந்தது. "ஆடித் தள்ளுபடியான்னு கேட்டேன்."

"ஆமா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டே சீட்டையெல்லாம் பிச்சுட்டேன். உங்களுக்கும் ஒரு சீட்டு எழுதியிருந்தேன். அதையும் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"என்ன எழுதியிருந்த?"

"இப்ப எதுக்குங்க அது."

திரையில் அறுபத்திரண்டு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சு," என்றேன். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்வது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

"தெரியுங்க. உங்களுக்குப் பயம்னா ஜோக்கு. கல்யாணமாகி ரெண்டே வருசத்துல அது தெரிஞ்சுபோச்சு. ஆனா என் பயத்த நான் எங்க கொண்டு போய் வெக்கறது? வீடு முழுக்க உங்களோடதே உக்காந்துட்டு இருந்துச்சு."

நாக்கு நுனியில் நின்ற மூன்றும் எப்போது இறங்கிப் போயின என்று தெரியவில்லை. அவள் இன்னும் பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நர்ஸைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண்மணி ஒருத்தி இவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். முன்பின் தெரியாதவள். அந்தக் கையை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது என்றாள். நான் "ம்" என்றேன். மறுபடி "ம்" என்றேன். அவள் சொல்ல ஆரம்பித்த ஒன்றைக் கடைசி வரை சொல்லி முடிக்க நான் விட்டது அந்த இருபது நிமிடம்தான். மோடத்துக்குப் பயந்து விட்டேன் என்றும் சொல்லலாம்.

நூறு வந்தது. முடிந்தது என்று ஒரு வரி.

"வந்துருச்சு!"

"இருங்க, ஆடாதீங்க. மேனேஜரத் திருப்பிப் போடணும். ரீஸ்டார்ட் பண்ணுங்க, முறையா."

முறையாகச் செய்தேன். பட்டியலில் மோடம் தன் சொந்தப் பெயரோடு வந்து உட்கார்ந்திருந்தது. சிக்னல் நாலு கட்டம். ஐந்து நிமிடம் பார்த்தோம். நெட் அறுபடவில்லை. புது ஃபர்ம்வேர் உண்மையிலேயே நல்ல ஃபர்ம்வேர்தான். சனியன்.

"பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றேன். "ஏம்மா…"

"நானும் பொடவை மாத்தணும். வெக்கறேங்க." வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். சிரிக்காதீர்கள். ஷேவ் செய்தேன். கட்டம் போட்ட சட்டையை, அவளுக்குப் பிடித்ததை, இஸ்திரி போட்டேன். என்ன இருந்தாலும் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறோம், திட்டியிருக்கிறாள், இந்த வீட்டுப் பொண்ணு என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். நீதிபதியம்மா கேட்கும்போது அவள் ஒரு நொடி தயங்குவாள், அந்த ஒரு நொடி எனக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள். அவள் சதுரத்தில் பின்னால் வெள்ளைச் சுவர், கண்ணில் நான் பார்த்திராத புதுக் கண்ணாடி. நீதிபதியம்மா களைத்த, கனிவான குரலில் கேட்டார்.

"சேர்ந்து வாழ வாய்ப்பு ஏதாவது இருக்காம்மா?"

"இல்லைங்க மேடம்." தயங்கவில்லை. கடுமையாகவும் சொல்லவில்லை. முடிந்த ஒன்றை முடிந்தது என்கிற குரல்.

"நீங்க சொல்லுங்க சார். யாரோட கட்டாயமும் இல்லாம சம்மதிக்கிறீங்களா? ஏதாவது சொல்லணுமா?"

காலையில் என்றால் ஏதாவது ஜோக் சொல்லியிருப்பேன். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் நடந்த அன்றைக்கே சொன்னவன். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு அவள் கேட்பதில் தப்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் அவள் எனக்குச் சொல்லிவிட்டாள், நான் கேட்டும் விட்டேன். கேட்டதால்தான் சம்மதிக்க வேண்டியிருந்தது.

"அவங்க சொல்றது சரிங்கம்மா. சம்மதம்."

"சத்தமா சொல்லுங்க சார், பதிவாகணும்."

"சம்மதம்."

அவள் தலை நிமிர்ந்தது. நான் அடுத்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. ஒன்றும் சொல்லவில்லை. நெட் ஒரு துளிகூட நடுங்கவில்லை. நீதிபதியம்மா ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் படித்தார். வக்கீல்கள் வணக்கம் சொல்லி மறைந்தார்கள். அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் சதுரமும் அப்படியே இருந்தது. புதுக் கண்ணாடிக்குப் பின்னால் கண் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தாள், ஓரத்தில் பார்த்தாள், கீழே பார்த்தாள். வெளியேறும் பட்டன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நூறு பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள். வேறு யாரோ ஒரு வக்கீல் பேச ஆரம்பித்திருந்தார். பத்து நொடி இருக்கும், அதற்கு மேல் இல்லை.

பிறகு அவள் போனாள். மற்ற சதுரங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.